ஓர் அடுப்புக்கு ஓர் அட்டை

போடிமெட்டைத் தாண்டி மூன்றாவது வளைவில் குறுக்குப் பாதைக்குள் இறங்கிவிட்டேன். ஜீப்பு ரோட்டிலேயே போனால் வெயில் ஏறிவிடும். தோளில் ஒரு துணிமூட்டை. கையில் பழுப்புக் காகித உறைக்குள் என் நெஞ்சின் எக்ஸ்ரே படம். வியர்வை பட்டால் கெட்டுப்போகும் என்று யாரோ சொல்லியிருந்ததால், அடுத்தவன் பிள்ளையைத் தூக்கி வருகிறவன் மாதிரி அதை உடம்போடு சேர்க்காமல் தள்ளிப் பிடித்தபடி நடந்தேன்.

எழுபதுகள் முடிகிற நேரம் அது. பங்குனி மாதம். ஏலக்காய் எடுப்பு முடிந்திருந்தது. ஆனால் நான் எஸ்டேட்டை விட்டுக் கிளம்பியது அதனால் அல்ல. நாங்கள் பத்துப் பேர் தங்கியிருந்த லயத்தில் என் தட்டை வெளியே வைத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. ஒரு காலையில் எழுந்து பார்த்தேன். என் தட்டும் டம்ளரும் வாசல் கல்லின்மேல் கழுவிக் கவிழ்த்துத் தனியாக இருந்தன. நன்றாகத்தான் கழுவியிருந்தார்கள். எடுத்து மூட்டையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு எரிச்சல் அவர்கள்மேல் இல்லை. அதே லயத்தில் அதே இருமலை இருமிய இன்னொருவன்மேல்தான். அவன் பெயர் எஸ்டேட்டின் நிரந்தர ஆட்கள் பேரேட்டில் இருந்தது. என் பெயர் எந்தப் பேரேட்டிலும் இருந்ததில்லை. ஆள் குறைந்த நாளில் கூப்பிடுவார்கள், போவேன். அவன் ரத்தமாகத் துப்பியதும் எஸ்டேட் ஜீப்பு வந்தது, கங்காணி வந்தார், கம்பளி வந்தது. மலையாளப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டுபோனபோது மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னை ஏற்றினார்கள். அங்கே வராந்தாவில் அவனுடைய மூட்டையை வைத்துக்கொண்டு நான் இருமியதைக் கேட்டுத்தான் நர்சம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டு, இயந்திரத்தின் முன்னால் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவனுக்கும் சீக்கு, எனக்கும் சீக்கு. அவனுக்குக் கட்டில் கிடைத்தது, எனக்குப் படம் கிடைத்தது.

"சேட்டா, சொந்தம் நாட்டில் டாக்டர் உண்டோ?" என்று அந்த அம்மா கேட்டார்கள்.

"உண்டு" என்று சொன்னேன்.

அது பொய். பதிமூன்று வயதில் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டு மலையேறினவன் நான். அதற்குப் பிறகு இருபது வருஷத்தில் எந்த டாக்டரும் என் கையைப் பிடித்துப் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால் மிளகுக் கஷாயம். கத்தி பட்டால் காப்பித் தூள். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தவனைப் பார்த்த பிறகுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது.

நான் குறுக்குப் பாதையிலிருந்து ரோட்டைத் தாண்டிய ஓர் இடத்தில் எங்கள் எஸ்டேட் ஜீப்பு வளைவில் திரும்பியது. பின்னால் தொங்கியபடி லயத்து ஆட்கள்.

"அண்ணே, ஏறிக்கிறீகளா?" என்று ஒருவன் கேட்டான். கேட்டுக்கொண்டே துண்டை எடுத்து மூக்கை மூடினான்.

"நீ போப்பா. நா நடந்தே வர்றேன்."

"வெரசா போய்ச் சேருங்க" என்றான். ஜீப்பு போய்விட்டது.

மலையடிவாரத்து முந்தலுக்குக் கொஞ்சம் கீழே, ரோட்டோரத்து மாந்தோப்பில் ஆளில்லாத ஒரு காவல் குடிசை இருந்தது. கூரைமேல் ஏழெட்டுக் குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த நிழலில் மூச்சு வாங்கிவிட்டுப் போடிக்குள் நடந்தேன்.

எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருந்தார். தெரிந்த என்றால், சின்ன வயதில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனவர். எங்கள் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் போவோம். பஜாருக்குப் பின்னால், பஞ்சு வியாபாரிகள் இருக்கிற தெருவில், பச்சைக் கதவு போட்ட ஆஸ்பத்திரி. இருபது வருஷத்தில் அதே கதவுக்கு அதே பச்சையை மறுபடி மறுபடி அடித்திருந்தார்கள்.

உள்ளே பெஞ்சில் ஒரு நடுவயதுப் பெண் மட்டும் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால் கம்பவுண்டர். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க மர அலமாரி. அதில் புறாக்கூடு மாதிரி அறைகள், ஒவ்வோர் அறையின் கீழும் ஓர் ஊர்ப் பெயர். சிலமலை, மீனாட்சிபுரம், கோடாங்கிபட்டி. ராசிங்காபுரத்து அறையில் அட்டைகள் பிதுங்கிக் கிடந்தன.

"டாக்டரய்யாகிட்ட பதியணும்" என்றேன்.

"எந்த ஊரு? எந்த அடுப்பு?"

நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "புதுசா வந்திருக்கீக போல. இங்க ஆளுக்கொரு அட்டை கெடையாது. அடுப்புக்கு ஒரு அட்டை. ஒரே அடுப்புல சாப்பிடுற எல்லாரும் ஒரு அட்டைல வருவாக. அண்ணன் தம்பி பாகம் பிரிஞ்சு தனியா ஒலை வச்சா, மறுநா வந்து தனி அட்டை வாங்கிக்கணும். நீங்க எந்த அடுப்புல சாப்பிடுறீக?"

அடுப்பை விட்டுவிட்டு ஊரைச் சொன்னேன். அப்பா பெயரைச் சொன்னேன். அவர் எழுந்து ராசிங்காபுரத்து அறையில் கையை விட்டார். தேடவேயில்லை. எங்கே இருக்கும் என்று விரலுக்கே தெரிந்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நூல் கட்டி, ஓரம் நைந்த நாலு அட்டைகளை என் முன்னால் போட்டார்.

முதல் அட்டையின் தலைப்பில் அப்பாவின் பெயர். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அடுத்து அம்மா, அதற்கும் சிவப்புக் கோடு. இரண்டு சாவும் எனக்கு மலையில் இருந்தபோதே தெரியும், நாள் கடந்து தெரியும். மூன்றாவது வரியில் என் பெயர். அதன்மேல் நீல மையில் கோடு. கோட்டின் முனையில் ஓர் அம்புக்குறி. அம்புக்குறிக்கு அப்புறம் ஒன்றுமில்லை, வெறும் காகிதம்.

நாலாவது வரியில் என் தம்பி. அவன்மேல் எந்தக் கோடும் இல்லை. அவனுக்குக் கீழே அவன் மனைவி, மூன்று பிள்ளைகள்.

"இந்த நீலம் என்னாண்ணே?"

கம்பவுண்டர் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தார். "சிவப்புன்னா செத்துப்போயாச்சு. நீலம் பொம்பளப் பிள்ளைகளுக்குப் போடுறது. கட்டிக்குடுத்துட்டா வேற அடுப்புக்குப் போயிருதில்ல? எந்த ஊரு அட்டைக்குப் போச்சுன்னு அம்புக்குறி போட்டு எழுதுவோம்." பிறகு பெயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்களா?"

பெஞ்சில் இருந்த பெண் சிரித்துவிட்டார். "ஏம்ப்பு, மாப்ள வீடு எந்த ஊரு? நல்லா வச்சிருக்காகளா?"

"வெரட்டி விட்டுட்டாக ஆத்தா" என்றேன். கம்பவுண்டரும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் அவர் சொன்னார்: "ஒங்க அப்பா வந்துதான் சொன்னாரு. பையன் போயி அஞ்சாறு வருசமாச்சே, தகவல் இல்லையே, சிவப்புப் போட்ரவான்னு நாந்தான் கேட்டேன். மனுசன் மேசைய அடிச்சுட்டாரு. 'எங்கயோ ஒரு அடுப்புல தின்னுக்கிட்டுத்தான் இருப்பான். நீலம் போடு'ன்னாரு. ஆம்பளப் பிள்ளைக்கு நீலம் போட்டது இந்த ஆசுபத்திரில அது ஒண்ணுதான்."

"டாக்டரய்யா பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்காரு, வந்துருவாரு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். ராசிங்காபுரம் பஸ்சு அந்தத் தெரு முனையில்தான் திரும்பும். கண்டக்டரைப் பார்த்து அவர் கத்தியது உள்ளே கேட்டது. என் தம்பியின் பெயரைச் சொல்லி, "டாக்டரு கூப்பிட்டாருன்னு சொல்லு, ஒடனே வரச்சொல்லு!" நான் தடுப்பதற்குள் பஸ்சு கிளம்பிவிட்டது. அங்கே அப்படித்தான். யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் அடுப்புக்குச் சொல்லிவிடுவார்கள்.

காத்திருந்த நேரத்தில் தம்பியின் வரிகளைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

அரிவாள் பட்டு இடது கட்டைவிரல், மூன்று தையல், ஐந்தாம் நாள் வரவும். மஞ்சள் காமாலை, கீழாநெல்லி கொடுத்தது போதாது, வாரம் ஒருமுறை வரவும். மூலம், வெட்கப்படாமல் வரவும். அந்த 'வெட்கப்படாமல்' என்ற சொல்லை டாக்டர் தன் கையால் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஒருவனுடைய மூலத்தைக் கண்டு பொறாமைப்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு வரியில் தொடர் காய்ச்சல், பதினோரு நாள், தினமும் வரவும். அந்த வருஷத்தை யோசித்துப் பார்த்தேன். அதே மழைக்காலத்தில் நான் ஏலக்காய் உலர்த்துகிற கொட்டகையின் பின்னால் சாக்குக்குள் சுருண்டு கிடந்தேன். ஒருத்தன் வந்து காலால் தட்டி, "உசுரு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதே மழை, அதே காய்ச்சல். இவனுக்குப் பதினோரு நாளும் ஒருவர் தேதி போட்டிருக்கிறார்.

எல்லா வரியும் 'வரவும்' என்றுதான் முடிந்தது. இருபது வருஷத்தில் என்னிடம் எத்தனையோ பேர் போ என்று சொல்லியிருக்கிறார்கள். சிலர் இருந்துக்கோ என்றிருக்கிறார்கள். மறுபடி வா என்று நாள் குறித்து ஒருவரும் சொன்னதில்லை.

தம்பியின் நிலத்துக்காகவோ வீட்டுக்காகவோ நான் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை. அதெல்லாம் வேண்டாம் என்றுதான் ஓடினேன். ஆனால் அந்த அட்டையைப் பிடுங்கி என் மூட்டையில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று அன்று தோன்றியது. ஓடி என்ன செய்வேன்? மூல நோய்க்காரன் என்று மலையில் போய்ச் சொல்லிக்கொள்ளவா?

டாக்டர் வந்தார். எனக்கு ஞாபகம் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகில் தட்டித் தட்டிக் கேட்டார். கை சூடாக இருந்தது.

"டி.பி.தான். ரெண்டு பக்கமும் பட்டிருக்கு. ஆனா பயப்படுற கட்டம் இல்ல. தொண்ணூறு ஊசி. ஒருநாள்கூட விடக்கூடாது. அப்புறம் ஒரு வருசம் மாத்திரை. மருந்து பெரியாஸ்பத்திரில தருவாங்க, ஊசி நான் போட்டுக்குவேன். செஞ்சா பொழச்சுக்குவ. செய்யலன்னா ரெண்டு வருசம்."

சட்டையைப் போட்டுக்கொண்டே, "போடுங்கய்யா" என்றேன்.

"எந்த அடுப்புல இருக்க?"

"இப்பத்தான் எறங்கி வர்றேன்."

"அப்ப போட மாட்டேன்." கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார். "ஒன்ன மாதிரி மலையேறுற ஆளுக நெறையப் பேருக்குப் போட்டிருக்கேன். இருவது ஊசி, முப்பது ஊசி. கொஞ்சம் இருமல் நின்னதும் ஜீப்பப் புடிச்சுப் போயிர்றீங்க. பாதியில விட்டா அந்தப் பூச்சிக்கு மருந்து பழகிப்போயிரும். அப்புறம் எதுக்கும் சாகாது. ஒன்னயும் கொல்லும், பக்கத்துல படுத்தவனயும் கொல்லும். நீ ஒருநா வரலன்னா நா யாருக்குச் சொல்லிவிடுறது? அடுப்பு வேணும். இல்லன்னா ஆரம்பிக்க மாட்டேன்."

அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான்.

சைக்கிளை மிதித்து வந்திருந்தான். தலையிலும் மீசையிலும் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தது. களத்திலிருந்து அப்படியே கிளம்பியிருக்கிறான். கூப்பிட்டதற்கு நான்தான் காரணம் என்று அவனுக்குத் தெரியாது. பிள்ளைகளில் யாருக்கோ பள்ளிக்கூடத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வந்திருந்தான்.

"வாங்க மாப்ளே! என்ன, பஞ்சு மூட்டைக்குள்ள இருந்து வர்றீங்களா?" என்றார் டாக்டர். என்னிடம் பேசியதைவிட வேறு குரல் அது. "சின்னவளுக்குப் பூச்சி மருந்து குடுக்கக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லி எத்தன நாளாச்சு? விரல் எப்படி இருக்கு, மடங்குதா?"

"மடங்குதுங்கய்யா. இந்தா, பாருங்க" என்று கட்டைவிரலை மடக்கிக் காட்டினான். டாக்டர் பிடித்துப் பார்த்தார். அந்த விரலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம்தான் தம்பி என்னைக் கண்டான்.

"அண்ணே" என்றான். "தாடிய எடுத்துருந்தா வாசல்லயே கண்டுபிடிச்சிருப்பேன்."

டாக்டர் அவனிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தொண்ணூறு ஊசி, ஒரு வருஷம், அடுப்பு. தம்பி கேட்டுக்கொண்டே மீசையிலிருந்து பஞ்சைப் பிய்த்தான். பிறகு கம்பவுண்டர் பக்கம் திரும்பி, "எங்க அட்டைலயே எழுதுங்கண்ணே. அந்த நீலத்த அடிச்சுட்டு எம்பேருக்குக் கீழ எழுதிருங்க" என்றான்.

சொன்னதில் தயக்கமே இல்லை. தயக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"தொழுவத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம்பு கெடக்குண்ணே. வெதத் தானியம் போட்டு வைக்கிறது. அத ஒழிச்சுத் தர்றேன். சோறு அவ கொண்டாந்து வச்சிருவா. தட்டு டம்ளரு மட்டும் தனியா... பிள்ளைக ஓடியாந்து எடுத்துருங்கள்ல, அதுக்காகத்தான்."

அவன் சொன்னது நியாயம். அவன் இடத்தில் நான் இருந்தால் அந்த அறையைக்கூடத் தந்திருக்க மாட்டேன். ஆனால் என் காதில் விழுந்தது தட்டும் டம்ளரும் மட்டும்தான். வாசல் கல்லில் கழுவிக் கவிழ்த்தபடி. அதோடு 'எம்பேருக்குக் கீழ'. நான் மூத்தவன். அந்த அட்டையில் மூன்றாவது வரி என்னுடையது. இனி அவனுக்குக் கீழே, அவன் மனைவிக்கும் பூச்சி மருந்து குடிக்கிற சின்னவளுக்கும் கீழே, கடைசி வரியில் நான். இத்தனை வருஷம் எந்தப் பேரேட்டிலும் இல்லாதவனுக்கு எந்த வரி கிடைத்தாலும் பெரிதுதான். அது புத்திக்குத் தெரிந்தது. பொறாமை புத்தியைக் கேட்டு வருவதில்லை.

"வேணாம்" என்றேன். "எனக்குத் தனி அட்டை போடுங்க."

"அடுப்பு எங்க இருக்கு?" என்றார் டாக்டர்.

"நாளைக்கு இருக்கும்."

டாக்டர் என்னையே பார்த்தார். "நாளைக்குக் காலைல பத்து மணி. இடம் எது, யாருக்குச் சொல்லிவிடணும், ரெண்டையும் சொல்லணும். பொய்யா இருந்தா கம்பவுண்டர் போய்ப் பாத்துருவாரு. இல்லன்னா தம்பி அட்டைல எழுதுவேன். அதுவும் வேணாம்னா நீ மலைக்கே போயிரு."

கம்பவுண்டர் வெள்ளையாக ஒரு புது அட்டை எடுத்து என் பெயரை எழுதினார். அடுப்பு என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அதை எந்த அறையிலும் வைக்காமல் மேசைமேல் கல்லுக்கு அடியில் வைத்தார்.

வெளியே வந்ததும் தம்பி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அட்டைலகூடத் தனியாத்தான் போகணுமா ஒனக்கு?" என்றான். கோபத்தில் அவன் குரல் அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

"ஒம்பிள்ளைகளுக்கு ஒட்டிறப் போகுதுடா."

அதைச் சொன்னதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. மறைக்கத்தான் பார்த்தான். அந்த நிம்மதியைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. பயப்பட அவனுக்கு மூன்று பேர் இருந்தார்கள். என்னால் யாருக்கும் ஒட்டிவிடாது, ஏனென்றால் யாரும் இல்லை.

"பத்து மணிக்கு நானும் வருவேன்" என்றான். "நீ ஜீப்பு ஏறிருவ. எனக்குத் தெரியும். ஏறிட்டீன்னா, எம்பேருக்குக் கீழ நானே எழுதச்சொல்லி, சிவப்புப் போட்டுட்டுத்தான் போவேன்." அழுதான் என்று சொல்ல முடியாது. மூக்கில் பஞ்சு போய்விட்டது போலத் தும்மிவிட்டு ஏறி மிதித்தான்.

இரவு ரயில்வே ஸ்டேஷன் சிமெண்டு பெஞ்சில் படுத்தேன். மதுரை வண்டி போன பிறகு தொல்லை இல்லை.

விடிந்ததும் கால் தானாக ஜீப்பு நிற்கிற இடத்துக்குப் போய்விட்டது. மலைக்கு ஆள் எடுக்கிற கங்காணிகள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிழல் மரத்துக் கிளை கழிக்க ஆள் வேண்டும், நல்ல கூலி, சாப்பாடு உண்டு. என்னைத் தெரிந்த ஒருவர், "வாய்யா, மரம் ஏறுற ஆளு! ஒக்காரு" என்றார். ஒரு காலைப் படியில் வைத்தேன். இருபது வருஷப் பழக்கம். அந்தப் படியில் ஏறினால் ஒரு கேள்வியும் கிடையாது. யாருடைய அட்டையையும் பார்த்து வயிறெரிய வேண்டாம். ரெண்டு வருஷம் தாராளமாக ஓடும்.

எனக்குத் தம்பி சிவப்பு மையோடு நிற்பது கண்ணில் வந்தது. அப்பா மேசையை அடித்துத் தடுத்ததை இவன் போடப்போகிறான். போட்டுவிட்டுப் பூச்சி மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். அவனுக்குக் கீழே, அவன் கையால் கோடு. அதை மட்டும் விடக்கூடாது என்று காலை எடுத்துவிட்டேன். பிழைக்க வேண்டும் என்று எடுத்ததாகச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி இல்லை.

டீக்கடை வாசலில் ஒருவர் மேல்துண்டை உதறிக்கொண்டு யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். முந்தல் ரோட்டு மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர். காவலுக்குப் போட்ட ஆள் முந்தாநாள் சொல்லாமல் ஓடிவிட்டானாம். பிஞ்சு பிடிக்கிற நேரத்தில் குரங்கு தோப்பையே காலி செய்கிறதாம். நேற்று நான் மூச்சு வாங்கிய இடம்தான் அது.

"நா இருக்கேண்ணே" என்றேன்.

மேலும் கீழும் பார்த்தார். "கூலி கம்மிதாம்ப்பா. மலைல குடுக்கிறது மாதிரி எதிர்பாக்காத. காய் எறங்க மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அங்கயே கெடக்கணும். சோலி ஒண்ணும் பெருசில்ல, சத்தம் போட்டு வெரட்டணும். சத்தம் வருமா ஒனக்கு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இருமல் வந்துவிட்டது. குனிந்து, துண்டை வாயில் வைத்து, நின்றபிறகு நிமிர்ந்தேன்.

"இது போதும்" என்றார். "எந்தக் கொரங்கும் நிக்காது."

"அண்ணே, இது நெஞ்சுச் சீக்கு. மறைக்கக்கூடாது. தெனம் ஊசி போடணும். காலைல நடந்து வந்து போட்டுட்டு ஓடிருவேன். அந்த நேரத்துக்கு மட்டும் வேற யாராச்சும் பாக்கணும்."

ஓரடி பின்னால் நகர்ந்தார். யோசித்தார். "தோப்புல ஒட்டுறதுக்கு ஆளு யாரு இருக்கா? கொரங்குக்கு ஒட்டுனா எனக்குச் சந்தோசந்தான். அந்த நேரம் நா வந்து ஒக்காந்துக்கிறேன், எப்படியும் காலைல காயப் பாக்க வரத்தான செய்யுறேன்."

"ஒருநா நா ஊசிக்குப் போகலன்னா டாக்டரு ஒங்களுக்குச் சொல்லிவிடுவாரு. சரிதானா?"

"சொல்லட்டும். நீ இருக்கியா ஓடிட்டியான்னு எனக்கும் தெரியணும்ல."

"அடுப்பு இருக்கா?"

"அடுப்பென்னா அடுப்பு! மூணு கல்லு கெடக்கு. சட்டி நீதான் கொண்டாரணும்."

சட்டி இல்லை. டம்ளர் இருந்தது. அவரோடு தோப்புக்குப் போய், குடிசைக்குள் மூன்று கல்லையும் நேராக்கி, சருகு பொறுக்கி வந்து பற்றவைத்து, அந்த டம்ளரில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டேன். குத்தகைக்காரர், "இப்ப எதுக்கு வெந்நி?" என்றார். பொய் சொல்லக்கூடாதே என்பதற்காக வைத்தேன் என்று அவரிடம் விளக்கவில்லை. வெந்நீரைக் குடித்துவிட்டுப் போடிக்கு நடந்தேன்.

பச்சைக் கதவு வாசலில் தம்பியின் சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரில் ஒரு பையில் மூடியோடு ஒரு சின்ன அலுமினியச் சட்டி இருந்தது. அவன் மனைவி கொடுத்துவிட்டாளாம். அவன் என்னைப் பார்த்ததும் அந்தப் பையை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

கம்பவுண்டர் கல்லை எடுத்துவிட்டு அட்டையில் எழுதினார்: முந்தல் ரோடு மாந்தோப்பு. சொல்லிவிட வேண்டியவர், குத்தகைக்காரர். அப்பா அட்டையையும் எடுத்து, அந்த நீல அம்புக்குறிக்கு அப்புறம் வெறுமையாகக் கிடந்த இடத்தில் அதையே எழுதினார். டாக்டர் ஊசி போட்டார். இடுப்பில் கல்லை வைத்து அடித்தது மாதிரி வலித்தது. அட்டையின் முதல் வரியில் அவர் எழுதியதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். 1/90. நாளை வரவும்.

என் அட்டை ஒற்றை அட்டை. ராசிங்காபுரத்துக் கட்டு அப்போதும் தடியாகத்தான் இருந்தது, எனக்கு அப்போதும் எரியத்தான் செய்தது.

பன்னிரண்டு மணிக்குத் தோப்புக்குத் திரும்பி, சட்டியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, தட்டுவதற்கு ஒரு தகரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு குரங்கு விரட்டப் போனேன்.